காஞ்சி நாட்டின் ஏரிகளும் மகேந்திர பல்லவனும்

காஞ்சீபுரத்துக்கு வருவோர் கோயில்களைத் தரிசிக்கின்றனர். பட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். நகரத்தைச் சூழ்ந்துள்ள கிராமங்களின் வழியாகவே அவர்கள் வந்து போகின்றனரெனினும், அக்கிராமங்களில் நின்று பார்க்கத்தக்கது ஏதேனும் உண்டென்று அவர்களிற் பெரும்பாலோர் கருதுவதில்லை. ஆனால் கோபுரம் எடுத்த கைகளுக்கும், தறியில் அமர்ந்த கைகளுக்கும் சோறிட்டவை அக்கிராமங்களே. அக்கிராமங்களுக்கு உயிர் கொடுத்தவை ஏரிகள். அவ்வேரிகளுள் ஒன்றுக்குத் தன் பெயரையே இட்டு, அதன் கரையில் ஒரு பாறையைக் குடைந்து கோயிலும் அமைத்த அரசன் பல்லவ மகேந்திரவர்மன்.

இவ்வரசனுடைய சரித்திரத்தை அரண்மனையில் தொடங்கிப் போர்க்களத்தில் முடிப்பது வழக்கம். நாம் அதனைக் கிராமங்களின் வழியே சொல்ல விரும்புகிறோம். போர்க்களத்தில் அவன் வென்றதாகவும் தோற்றதாகவும் சாஸனங்கள் கூறுவனவெல்லாம் அவனுடைய மகன் காலத்திலேயே மாறிவிட்டன. கிராமங்களில் அவன் விட்டுச் சென்றதோ, ஆயிரத்து நானூறு வருஷங்களுக்குப் பின்னும் நெல்லாக விளைகின்றது. ராஜ்யாதிகாரத்தை நாடுவோரும், அதனை அடைந்துவிட்டோரும் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

நாட்டின் இயல்பு

தொண்டை மண்டலம் சோழ நாட்டைப் போல் நதியின் மடியில் வளர்ந்த நாடன்று. கர்நாடக தேசத்தில் நந்தி மலைப் பக்கத்தில் உற்பத்தியாகும் பாலாறு, காஞ்சிக்குத் தெற்கே வந்து சேரும்போது வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். வெள்ளம் வந்தால் சில தினங்களில் கடலுக்கு ஓடிவிடும். மணலுக்கு அடியில் கசியும் நீரை ஊற்றுக்கால் வெட்டிப் பிடித்துக் கொள்ளும் வித்தையை இந்நாட்டுக் குடியானவர்கள் வெகு காலமாக அறிவார்கள். செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றன. அவையும் அதே இயல்பு உடையவை. மழையோ ஆடி ஆவணியில் ஓரளவு பெய்து, ஐப்பசி கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அவ்விரண்டு மாதத்து நீரைத் தேக்கி வைத்துக்கொண்டால் வருஷம் முழுவதும் வாழலாம். தேக்கத் தவறினால் மாசி பிறப்பதற்குள் தாகமெடுக்கும்.

இயற்கை மறுத்ததை மனிதன் இங்கே தன் புத்தியினால் ஈடு செய்திருக்கிறான். நிலம் கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. அச்சரிவுக்குக் குறுக்கே பிறைச்சந்திர வடிவமாக ஒரு கரை போட்டால் மேற்புறம் நீர் நிற்கும். கரையில் மதகு வைத்தால் கீழ்ப்புற வயலுக்கு வேண்டிய அளவு நீர் இறங்கும். மிஞ்சிய நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடர்போல ஏரிகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் நாடு இது. மேற்கே ஏரி, அதன் கரையில் பனை வரிசை, கரையடியில் ஐயனார் அல்லது கன்னிமார் கோயில், கீழே நஞ்சை, மேட்டில் ஊர், அப்பால் புஞ்சையும் மேய்ச்சல் நிலமும் என்ற அமைப்பை இந்நாட்டின் எந்தக் கிராமத்திலும் காணலாம். மேல் ஊரார் கலங்கலை உயர்த்தினால் கீழ் ஊரார் பட்டினி கிடப்பர். கீழ் ஊரார் வாய்க்காலை அடைத்தால் மேல் ஊர் மூழ்கும். ஆகவே ஏரி என்பது நீர்நிலை மாத்திரமன்று. ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள உடன்படிக்கையுமாகும்.

இவ்வித்தை பல்லவர்களோடு பிறந்ததன்று. காஞ்சிக்குக் கிழக்கேயுள்ள தென்னேரி, தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையன் ஏரி எனப்பட்டதென்பர். முன்னோர் கண்டறிந்ததைப் பெருகச் செய்து, அதனை ராஜ தர்மமாக ஆக்கியதே பல்லவர்களின் பெருமை.

அரசுரிமையும் காஞ்சி நகரமும்

மகேந்திரவர்மனின் தந்தை சிம்மவிஷ்ணு. அவன் ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்டு, பல்லவ ராஜ்யத்தைத் தெற்கே காவேரி வரையில் விஸ்தரித்தவன். மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் தந்தை, மகன் இருவருடைய உருவங்களும் தத்தம் தேவியரோடு செதுக்கப்பட்டிருப்பதாக ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலோர் கொள்கின்றனர். சிம்மவிஷ்ணு அமர்ந்திருக்கிறான். மகேந்திரன் நின்றுகொண்டு, தேவியின் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் செல்பவனைப் போலக் காணப்படுகிறான். கற்சிலையிலும் இவனுக்கு ஓய்வில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

இவன் பட்டத்துக்கு வந்தது கி.பி. 600-ஐ ஒட்டிய காலம். ஆண்டது ஏறக்குறைய முப்பது வருஷம். பட்டப்பெயர்கள் சூடிக்கொள்வதில் இவனுக்கிருந்த ஆசை வேறெந்தப் பல்லவனுக்கும் இருந்ததில்லை. விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சத்துருமல்லன், லளிதாங்குரன், சித்திரகாரப்புலி என்று தூண்தோறும் எழுதி வைத்தான். இவற்றுள் அகங்காரம் இல்லாமலில்லை. எனினும் உற்று நோக்கினால், போர் வீரத்தைக் குறிக்கும் பெயர்களோடு, கலைத் திறனையும் புதுமை நாட்டத்தையும் குறிக்கும் பெயர்களும் சரிசமமாக நிற்பதைக் காணலாம். தன்னை எவ்விதம் உலகம் நினைக்க வேண்டுமென்று அவன் விரும்பினான் என்பது இதனால் விளங்கும்.

அக்காலத்துக் காஞ்சி பல மதங்கள் கூடி வாழ்ந்த நகரம். பௌத்த விகாரைகளும், சமணப் பள்ளிகளும், சிவாலயங்களும், விஷ்ணு கிருகங்களும் அருகருகே நின்றன. வித்தியார்த்திகள் தூர தேசங்களிலிருந்து கடிகைக்கு வந்து கற்றனர்.

பாறையும் நகைச்சுவையும்

இவன் காலத்துக்கு முன் தமிழ் நாட்டுக் கோயில்கள் செங்கல்லாலும், சுண்ணாம்பாலும், மரத்தாலும் ஆனவை. அவை தீக்கும், கறையானுக்கும், காலத்துக்கும் இரையாயின. மகேந்திரன் புதிய வழியொன்றைப் பிடித்தான். விழுப்புரத்துக்கு அருகே மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில் பிரமன், ஈசன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் பாறையையே குடைந்து கோயில் செய்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இதனைச் செய்வித்ததாகப் பெருமையுடன் சாஸனம் பொறித்தான். பின்னர் பல்லாவரம், மாமண்டூர், மகேந்திரவாடி, தளவானூர், சீயமங்கலம், திருச்சிராப்பள்ளி என்று அவ்வேலை பரவிற்று.

இவ்வூர்களின் பெயர்களைக் கவனிக்க வேண்டுகிறோம். இவற்றுட் பெரும்பாலானவை கிராமங்கள். தலைநகரில் தன் புகழை நாட்ட நினைக்கும் அரசர்கள் பலர். இவனோ குன்று எங்கேயிருந்ததோ அங்கே சென்றான். குன்று இருந்த இடத்தில் நீர் தேக்கவும் வசதியிருந்தது. இதனைப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

மகேந்திரன் இயற்றிய மத்தவிலாஸப் பிரஹஸனம் என்னும் ஸம்ஸ்கிருத நகைச்சுவை நாடகம் பல நூற்றாண்டுகள் கேரள தேசத்தில் சாக்கையர்களின் கூத்தில் வாழ்ந்து, 1917-ம் வருஷத்தில் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் அச்சிடப்பெற்றது. அதன் கதை காஞ்சீபுரத்துத் தெருவிலேயே நடக்கிறது. கள்ளுண்டு திரியும் காபாலிகன் ஒருவன் தன் பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோட்டை இழந்துவிடுகிறான். எதிர்ப்பட்ட பௌத்த பிக்ஷுவின் மேல் திருட்டுக் குற்றம் சாட்டுகிறான். பாசுபதன் ஒருவன் நடுவராக வந்து விவகாரத்தை இன்னும் சிக்கலாக்குகிறான். இறுதியில் அம்மண்டையோடு ஒரு நாயின் வாயிலிருந்து பித்தன் ஒருவன் கைக்குச் சென்றிருந்ததென்று தெரியவருகிறது.

இதில் மதவேஷதாரிகளை அரசன் பரிகசிப்பது பலரும் அறிந்தது. அதனினும் முக்கியமான இடம் ஒன்றுண்டு. வழக்கை நியாயஸ்தலத்துக்குக் கொண்டு போகலாமா என்ற பேச்சு வரும்போது, காபாலிகனின் துணைவி, விகாரையின் செல்வமுள்ள பிக்ஷு அதிகாரிகளின் வாயைப் பணத்தால் அடைத்துவிடுவான், ஏழைகளாகிய நம்மால் என்ன செய்யக்கூடும் என்னும் பொருள்படப் பேசுகிறாள். அந்த நியாயஸ்தலம் மகேந்திரனுடையது. அந்த அதிகாரிகள் மகேந்திரன் நியமித்தவர்கள். தன் ஆட்சியில் லஞ்சம் உண்டென்பதைத் தன் நாடகத்திலேயே ஓர் ஏழைப் பெண்ணின் வாயால் சொல்ல வைத்த மன்னனை நாம் எளிதில் மறக்கலாகாது. குறை கூறுபவரைத் துரோகி என்று அழைக்கும் ஆட்சியாளர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் இந்நாடகத்தை ஒரு முறையேனும் படித்துப் பார்ப்பது நலம்.

மத மாற்றம்

மகேந்திரன் முதலில் சமணத்தைச் சார்ந்திருந்தானென்றும், திருநாவுக்கரசரைத் துன்புறுத்திப் பின்னர் அவருடைய பெருமையை உணர்ந்து சைவனானானென்றும் பரம்பரை கூறுகிறது. குணபரன் என்னும் இவன் பெயரைத் தாங்கிய குணபரவீச்சரம் திருவதிகையில் எழுந்ததாகப் பெரிய புராணமும் சொல்லும். திருச்சிராப்பள்ளிக் குகைச் சாஸனம், லிங்க வழிபாட்டினால் இவன் பிற நெறியிலிருந்து திரும்பியதைச் சிலேடையாகக் குறிப்பதென்று அறிஞர் கொள்கின்றனர். ஆனால் இவன் குடைந்த கோயில்களில் சிவனுக்குரியவையும் உண்டு, திருமாலுக்குரியவையும் உண்டு. மாறியபின் தான் ஏற்ற மதத்துக்கு மாத்திரமே அரசன் உரியவன் என்று அவன் நடந்ததாகக் கற்கள் கூறவில்லை.

புள்ளலூர்க் களம்

இத்தகைய அரசனை யுத்தம் விட்டுவைக்கவில்லை. வாதாபியிலிருந்து ஆண்ட சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, வடக்கே ஹர்ஷனையே தடுத்து நிறுத்திய வீரன். அவன் பெரும் சேனையோடு தெற்கே இறங்கினான். வேங்கி நாடு சளுக்கியர் வசமாயிற்று. சேனை காஞ்சியின் வாயிலுக்கே வந்தது. கி.பி. 634-ல் ரவிகீர்த்தி என்னும் கவி இயற்றிய ஐஹொளெச் சாஸனம், பல்லவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே மறையும்படி புலிகேசி செய்தான் என்று பறைசாற்றுகிறது. நூறு வருஷத்துக்கும் மேற்பட்டுப் பிற்காலத்தில் எழுந்த பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரன் தன் முக்கிய சத்துருக்களைப் புள்ளலூரில் அழித்தான் என்று கூறுகிறது.

இரண்டு தரப்பாரும் வெற்றி கொண்டாடுகின்றனர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்குங்கால், வடபகுதியை இழந்த மகேந்திரன் தலைநகரைக் காப்பாற்றிக்கொண்டான் என்பதே நியாயமான முடிவாகும். அதற்கு மேல் சொல்வது புகழ்ச்சி.

ஆனால் புள்ளலூரைப் பற்றிச் சாஸனங்கள் கூறாத ஒன்றைக் கிராமத்தின் நிலையிலிருந்து நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். காஞ்சிக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் உள்ள இச்சிற்றூருக்குப் பல்லவனிடத்திலோ சளுக்கியனிடத்திலோ எந்த வழக்கும் இல்லை. தலைநகருக்குச் செல்லும் வழியில் இருந்தது என்பதே அதன் குற்றம். அக்குற்றம் அதோடு தீரவுமில்லை. 1780-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி, ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படைத்தலைவன் பெய்லியை இதே புள்ளலூர் வெளியில் முறியடித்துச் சிறை பிடித்தனர். காஞ்சியில் சேனையோடு இருந்த மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. தன் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினான். மடிந்த ஆங்கில அதிகாரிகளுக்கு அவ்வூரில் ஞாபகத் தூண்கள் நிற்கின்றன. இரண்டு யுத்தங்களிலும் மிதிபட்ட பயிருக்கும், ஓடிப்போன குடிகளுக்கும் தூண் எதுவும் இல்லை.

மகேந்திர தடாகமும் மாமண்டூரும்

இனி அவன் கட்டியதைப் பார்ப்போம். காஞ்சிக்கு வடமேற்கே, காவேரிப்பாக்கத்துக்கு அப்பால் மகேந்திரவாடி என்றோர் ஊர் இருக்கிறது. ஊர்ப்புறத்து வெளியில் தனியே நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து சிறு கோயில் செய்யப்பட்டிருக்கிறது. மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணு கிருகம் என்னும் இக்கோயிலைக் குணபரன் செய்வித்தான் என்று அங்குள்ள சாஸனம் தெரிவிக்கிறது. ஊருக்கும், ஏரிக்கும், கோயிலுக்கும் ஒரே பெயர். கோயில் சிறிது, ஏரி பெரிது. பாறையைக் குடைய ஒரு சில கற்றச்சர் போதும். கரை போடுவதற்கோ ஆயிரக்கணக்கானோர் மண் சுமக்க வேண்டும்.

காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் மார்க்கத்தில், பாலாற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றால் மாமண்டூர். அங்கே ஒரு குன்றுத் தொடரின் கிழக்குச் சரிவில் குகைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலுள்ள சிதைந்த சாஸனத்தில் மத்தவிலாஸ நாடகத்தின் பெயர் காணப்படுகிறது. அக்குன்றுகளை அண்டித் தூசி மாமண்டூர் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. சித்திரமேக தடாகம் என்பது அதன் பழம் பெயர். அதனையும் மகேந்திரனுடையதென்றே ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். இயற்கைக் குன்றையே கரையின் ஒரு பகுதியாகக் கொண்டு, இடைவெளியை மண் கரையால் அடைத்த யோசனை இன்றைய இஞ்சினீயர்களும் மெச்சத்தக்கது. குகைகள் ஏன் கிராமங்களில் இருக்கின்றன என்று முன்னர்க் குறிப்பிட்டதற்கு விடை இங்கே கிடைக்கிறது. கோயிலையும் ஏரியையும் அவன் தனித்தனியாக நினைக்கவில்லை.

மத்தியதரைக் கடலில் சாமோஸ் என்றொரு சிறு தீவு உண்டு. மலையும், ஒலிவ மரங்களும், சரிவுகளில் ஒட்டிய கிராமங்களுமாக உள்ள அத்தீவிலும் நீருக்குப் பஞ்சமே. கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்நூறு வருஷங்களுக்கு மேல் முன்பு அங்கே ஒரு மலையின் இரு புறத்திலிருந்தும் பாறையைக் குடைந்துகொண்டே சென்று நடுவில் சந்தித்து, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சுரங்கம் அமைத்து, ஊற்று நீரை நகரத்துக்குக் கொண்டு வந்தனர். பாலிக்ராடஸ் என்னும் கொடுங்கோலன் ஆண்ட காலத்து வேலை அது என்பர். அவனைப் பாரசீக அதிகாரி கொன்று தொங்கவிட்டான். சுரங்கம் ஆயிரம் வருஷத்துக்கு அருகில் பயன்பட்டது. இன்றும் உட்சென்று பார்க்கலாம். அதனை அமைத்தவன் யூபாலினஸ் என்னும் சிற்பி என்று ஹெரோடோடஸ் பெயரோடு எழுதி வைத்தார். நம் நாட்டில் அவ்விதம் எழுதி வைத்தவர் இல்லை. மகேந்திரன் பெயர் கல்லில் இருக்கிறது. நீர்மட்டம் கண்டவன், மதகு அமைத்தவன், கூடையில் மண் சுமந்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. ஆனால் ஏரி முழுவதும் அவர்களுடைய சாஸனமே.

அரசன் போனான், ஏரி நின்றது

கி.பி. 630-ஐ ஒட்டி மகேந்திரன் காலமானான். அவன் மகன் நரசிம்மவர்மன் புலிகேசியைப் போர்களில் தோற்கடித்து, 642-ல் வாதாபி நகரத்தையே கைப்பற்றினான். அதை ஒட்டிய காலத்தில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நிலம் செழிப்புள்ளதென்றும், தானியம் மிகுதியாக விளைகிறதென்றும், ஜனங்கள் தைரியமும் சத்தியமும் உடையவர்களாய்க் கல்வியைப் போற்றுகின்றனரென்றும் எழுதினார். பகைவரின் படை நாட்டை மிதித்து ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. அதற்குள் அச்செழிப்பு திரும்பியதற்கு ஏரிகளே காரணம் என்று கொள்ளுவதில் தவறில்லை.

பின் வந்த பல்லவர்கள் மகேந்திரனைப் பின்பற்றினர். காஞ்சிக்கு அருகேயுள்ள கூரத்தில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் பரமேசுவர தடாகம் எழுந்தது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் அதற்கு வெட்டப்பட்டது. உத்திரமேரூரில் வைரமேக தடாகம் தந்திவர்மன் பெயர் கொண்டது. காவேரிப்பாக்கத்துப் பேரேரியும் பல்லவர் காலத்ததே.

ஆனால் அரசன் வெட்டுவதனால் மாத்திரம் ஏரி நிலைத்துவிடாது. வருஷந்தோறும் வண்டல் படியும், மழையில் கரை கரையும், மதகு பழுதாகும். தூர் வாராமல் ஐம்பது வருஷம் விட்டால் எந்த ஏரியும் மேடாகிவிடும். பல்லவர் மறைந்து, சோழர் வந்து, விஜயநகரத்தார் வந்து, நவாபுகள் வந்து போன பின்னும் இவ்வேரிகள் நின்றனவென்றால் அது கிராமத்தார் காத்ததனால்தான். கி.பி. 919, 921-ம் வருஷங்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட சாஸனங்கள் இதற்குச் சான்று. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலையிட்டு வாரியங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஏரி வாரியம் ஒன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர இயலாது. அவ்வூர் பிரமதேயமாகையாலும், நிலமும் வேதக்கல்வியும் உடையோரே தகுதி பெற்றமையாலும், உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அச்சபையில் இடமிருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் பொது நீரைக் காக்கும் பொறுப்பு ஊராருடையது என்ற கொள்கையும், பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்ற கொள்கையும் அங்கே ஸ்தாபிக்கப்பட்டுவிட்டன. ஏரியைப் பழுது பார்ப்பதற்கென்றே ஏரிப்பட்டி நிலங்கள் ஒதுக்கப்பட்டன.

அன்னிய ஆட்சி வந்தபின் ஏரிக்கென்று ஒதுக்கியிருந்த வருமானங்கள் பல சர்க்கார் கஜானாவில் சேர்ந்தன. ஊராருடைய அதிகாரம் குறைந்தது. கடமை மாத்திரம் எஞ்சியது. குடிமராமத்து குன்றியதைக் கண்டு 1858-ல் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று இயற்றினர். உரிமையைப் பறித்துக்கொண்டு உழைப்பை மாத்திரம் கட்டளையிடும் சட்டம் எங்கும் பலித்ததில்லை, இங்கும் பலிக்கவில்லை. அக்காலத்திலேயே வாலாஜாவுக்கு அருகே பாலாற்றில் அணைக்கட்டு எழுந்ததையும், அதன் கால்வாய்கள் மகேந்திரவாடிக்கும் தூசிக்கும் நீர் கொண்டு வருவதையும் நாம் மறுக்கவில்லை. அதுவுங்கூட மகேந்திரன் வகுத்த வழியின் தொடர்ச்சியே.

நமது கடமை

சுயராஜ்யம் வந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. அன்னியன்மேல் பழி போடும் காலம் போய்விட்டது. நமது ஆட்சியில்தான் பாலாற்று மணல் வண்டி வண்டியாக ஏறிச் சென்றது. நமது ஆட்சியில்தான் வரத்துக் கால்வாய்கள் மனைகளாயின. ஏரிக்குள் கட்டிடங்கள் எழுந்தன. ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் ஏரியை நினைப்பார் இல்லாமற் போயினர். 2015-ம் வருஷத்துப் பெருமழையில் ஏரிகள் உடைந்து ஊர்கள் மூழ்கியபோது, நீருக்குத் தன் பழைய வழி நினைவிருக்கிறது என்பதை யாவரும் கண்டோம். 2019-ல் ஜில்லாக்கள் பிரிக்கப்பட்டபோது மகேந்திரவாடி இராணிப்பேட்டையைச் சேர்ந்தது. மாமண்டூரோ திருவண்ணாமலை ஜில்லாவில் இருக்கிறது. அவ்வேரிகளை ஆக்குவித்த அரசனின் தலைநகரம் காஞ்சீபுரம் ஜில்லாவில். காகிதத்தில் கிழித்த கோட்டை நீர் அறியாது. மூன்று ஜில்லா அதிகாரிகளும் ஒன்றுகூடி யோசித்தாலன்றி ஒரு கால்வாயைக் காக்க முடியாது.

2022-ம் வருஷத்தில், சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர்ப் பக்கம் தெரிந்தெடுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஏரிகளும் நஞ்சைகளும் அடங்கிய 13 கிராமங்கள் அதில் குறிக்கப்பட்டன. ஏகனாபுரத்து ஜனங்கள் தங்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினர். புள்ளலூரைப் போலவே, தலைநகரத்துக்கு அருகில் இருப்பதுதான் அக்கிராமங்களின் குற்றம். பெரு நகரத்துக்கு விமான நிலையம் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு ஏரியை மூடும்போது, அதன் கலங்கலிலிருந்து நீர் பெறும் கீழ் ஏரிகள் எத்தனை, அவற்றை நம்பிய ஊர்கள் எத்தனை என்ற கணக்கை முதலில் ஊராரின் முன் வைக்க வேண்டும் என்றே சொல்கிறோம். கணக்குக் காட்டாதவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்று உத்திரமேரூர் விதித்தது ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன். அதற்குக் குறைந்த நியாயத்தை இன்றைய குடியரசு தன் பிரஜைகளுக்குச் செய்யலாகாது.

நமது தேசத் தொண்டர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். மகேந்திரனுடைய பெயரால் விழா எடுப்பதும், அவனுக்குச் சிலை வைப்பதும் எளிது. அவனுடைய கொடி எதுவென்று தர்க்கம் செய்வதும் எளிது. கடினமான வேலை வேறு இருக்கிறது. ஒவ்வொரு தொண்டரும் தம் ஊர் ஏரியின் பழைய எல்லை எது, வரத்துக் கால் எங்கே அடைபட்டிருக்கிறது, கலங்கல் நீர் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதைக் கிராமப் பதிவேடுகளைக் கொண்டு தெரிந்துகொள்ளட்டும். கிராம சபை கூடும் நாட்களில் அதனைப் பகிரங்கமாக எடுத்துச் சொல்லட்டும். ஆக்கிரமித்தவர் தம் கட்சிக்காரராயினும் கூசாமற் சொல்லட்டும். தன் நியாயஸ்தலத்தின் லஞ்சத்தைத் தானே மேடையேற்றிய அரசன் ஆண்ட நாட்டில் அவ்வளவு தைரியமேனும் நமக்கு இருக்க வேண்டாமா? வரும் ஐப்பசிக்கு முன் ஊருக்கு ஒரு வரத்துக் கால் திறக்கப்படுமானால், காஞ்சி நாட்டின் சரித்திரத்தை நாம் படித்ததற்குப் பலன் உண்டு.